இங்கிலாந்தில் பழைய வீடு வாங்குமுன்: சர்வேயும் விரிசலும் அனுமதித் தாள்களும்

நம் ஊரில் சர்வே என்றால் சங்கிலியும் எல்லைக் கல்லும்தான். சர்வே நம்பர், பட்டா, தாலுகா ஆபீஸ் என்று மனம் நிலத்தின் பக்கமே ஓடும். இங்கிலாந்தில் வீடு பார்க்கத் தொடங்கிய காலத்தில், "சர்வேக்கு ஆள் புக் பண்ணியாச்சா?" என்று ஏஜென்ட் போனில் கேட்டதற்கு, "எல்லைதான் லேண்ட் ரெஜிஸ்ட்ரி பிளானில் இருக்கிறதே" என்று நான் பதில் சொன்னேன். மறுமுனையில் இரண்டு நொடி சத்தமே இல்லை. இங்கே அந்தச் சொல் கட்டடத்தின் உடல்நிலையைக் குறிக்கிறது. கூரை ஒழுகுகிறதா, சுவர் நகர்கிறதா, பலகைத் தரைக்கு அடியில் மரம் உளுத்திருக்கிறதா என்று ஒருவர் வந்து பார்த்து எழுதித் தருவதுதான் சர்வே.

இன்னொரு குழப்பம் இதைவிடச் செலவு வைப்பது. மோர்ட்கேஜ் தரும் வங்கி ஒரு வேல்யுவேஷன் செய்யும். கட்டணம் நம்மிடம் வாங்கினாலும் அது வங்கிக்கானது. கொடுக்கிற கடனுக்கு இந்த வீடு ஈடாகுமா என்பதோடு அதன் அக்கறை முடிந்துவிடும். சில சமயம் ஆளே வராமல் கணினியிலேயே முடித்துவிடுவார்கள். "பேங்க்காரனே பாத்துட்டான், அப்புறம் என்ன" என்று சர்வேயை விட்டுவிட்டு, முதல் மழைக்காலத்தில் வாளியோடு நின்றவர்கள் உண்டு.

முதலில் காலக்கணக்கு

ஆஃபர் ஏற்கப்பட்டதும் வீடு கைக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒப்பந்தம் பரிமாறிக்கொள்ளும் நாள்வரை, அதாவது எக்ஸ்சேஞ்ச் வரை, வாங்குபவரும் விற்பவரும் கட்டுப்பட்டவர்கள் அல்ல. சர்வே, பேரம், வேண்டாம் என்று விலகுவது எல்லாமே அந்த இடைவெளிக்குள் நடந்தாக வேண்டும். எக்ஸ்சேஞ்சுக்குப் பிறகு கண்ணில் படுகிற விரிசல் உங்கள் விரிசல். ஸ்காட்லாந்தில் முறையே வேறு. அங்கே 2008 டிசம்பர் முதல் விற்பவரே ஹோம் ரிப்போர்ட் தயாரித்து வைக்க வேண்டும். கீழே வருவதெல்லாம் இங்கிலாந்துக்கு.

எந்த சர்வே?

ராயல் இன்ஸ்டிடியூஷன் ஆஃப் சார்ட்டர்ட் சர்வேயர்ஸ், சுருக்கமாக ரிக்ஸ், 2021 மார்ச் முதல் வீட்டு சர்வேயை மூன்று நிலைகளாக வைத்திருக்கிறது. லெவல் 1 மேலோட்டமானது. அதற்குக் காசு கொடுப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். லெவல் 2, முன்பு ஹோம்பையர் ரிப்போர்ட் என்று அழைக்கப்பட்டது. ஓரளவு புதிய, கைவைக்காத வீட்டுக்கோ ஃபிளாட்டுக்கோ அது போதும். லெவல் 3 தான் பழைய பில்டிங் சர்வே. வீடு 1930க்கு முந்தியதாக இருந்தாலோ, எக்ஸ்டென்ஷன் போட்டிருந்தாலோ, கூரைக்கு அடியில் உள்ள பரணை, அதாவது லாஃப்டை, அறையாக்கியிருந்தாலோ, நீங்களே இடித்துக் கட்டும் எண்ணத்தில் இருந்தாலோ யோசிக்காமல் லெவல் 3 எடுங்கள். இரண்டுக்கும் உள்ள கட்டண வித்தியாசம் ஒரு குளியலறைக்கு டைல் போடும் கூலிகூட வராது.

ஏஜென்ட் கைகாட்டும் சர்வேயரை நான் தவிர்ப்பேன். குற்றம் சொல்வதற்காக அல்ல, ஏஜென்ட்டுக்கு விற்பனை நடந்தாக வேண்டும், அவ்வளவுதான். புக் பண்ணுமுன் சர்வேயரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். லாஃப்டுக்குள் தலையை நீட்டிப் பார்ப்பீர்களா, ஏறிப் பார்ப்பீர்களா? ரிப்போர்ட் வந்தபின் போனில் பேசுவீர்களா? பிறகு உங்கள் கவலைகளையும் திட்டங்களையும் முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள். "பின்பக்கம் சமையலறையை நீட்டப் போகிறோம், படிக்கட்டுக்கு மேல் ஒரு விரிசல் பார்த்தோம்" என்று சொல்லி வைத்தால், அவர் அங்கே கூடுதலாகப் பத்து நிமிடம் நிற்பார்.

அவர் செய்யாதவையும் தெரிந்திருக்கட்டும். விரித்து ஒட்டிய கம்பளத்தைப் பிய்க்க மாட்டார், சுவரில் துளையிட மாட்டார், வயரிங்கையோ பாய்லரையோ சோதிக்க மாட்டார். கண்ணுக்கு எட்டியதை வைத்துத்தான் எழுதுவார்.

ரிப்போர்ட்டைப் படிக்கும் விதம்

எனக்கு வந்தது அறுபது பக்கத்துக்கு மேல். ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு எண்: 1 பச்சை, 2 மஞ்சள், 3 சிவப்பு. சிவப்பு மட்டும் ஏழு. அன்றிரவே வீட்டை விட்டுவிடலாம் என்று பேசினோம். மறுநாள் நிதானமாகப் படித்தால், ஏழில் மூன்று வெறும் தாள் இல்லாத குறை. மின் இணைப்புக்குச் சமீபத்திய சோதனைச் சான்று இல்லை, எனவே 3. பாய்லர் சர்வீஸ் செய்த ரசீது இல்லை, எனவே 3. "உடனே கவனி அல்லது உடனே விசாரி" என்பதற்கும் அதே சிவப்புதான். எண்ணை எண்ணிப் பயப்படாமல், எதற்காக அந்த எண் என்ற வரியைப் படியுங்கள்.

நான் அதிகம் பயப்படுவது சிவப்புக்கு அல்ல, சத்தமில்லாமல் கிடக்கும் "பார்வையிடப்படவில்லை" என்ற குறிப்புக்கு. எங்கள் ரிப்போர்ட்டில் லாஃப்டுக்கு அப்படித்தான் போட்டிருந்தது. மேலே ஏறும் கதவைச் சேர்த்து வெள்ளையடித்து ஒட்டிப்போயிருந்தது. விற்பவரிடம் சொல்லித் திறக்க வைத்து, சர்வேயரை மறுபடி கூப்பிட்டோம். மேலே எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் சுவரே இல்லை. டார்ச் அடித்தால் பக்கத்து வீட்டுக்காரரின் கிறிஸ்துமஸ் மரப் பெட்டி தெரிந்தது. பழைய விக்டோரியன் வரிசை வீடுகளில் இது அபூர்வமல்ல. ஆனால் ஒரு வீட்டில் தீப்பிடித்தால் கூரை வழியே அடுத்த வீட்டுக்குத் தாவும்.

விரிசல்

பழைய வீட்டில் விரிசல் இல்லாத சுவர் கிடையாது. அகலத்தையும் வடிவத்தையும் பாருங்கள். ஒரு பவுண்ட் நாணயத்தின் கனம் 2.8 மி.மீ. அது விளிம்பில் நுழையாத மயிரிழைகள் பெரும்பாலும் பூச்சு காய்ந்ததும் மரம் சுருங்கியதும்தான். 5 மி.மீ. வரை பொதுவாகப் பூசி மறைக்கிற ரகம். 5 முதல் 15 மி.மீ. என்றால் கதவு ஜன்னல் இழுக்கத் தொடங்கியிருக்கும். 25 மி.மீ.க்கு மேல் போனால் சுவரின் ஒரு பகுதியையே இறக்கிக் கட்ட வேண்டிவரலாம். ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி சாய்வாக ஓடி, மேலே அகன்று கீழே ஒடுங்கி, உள்ளேயும் வெளியேயும் ஒரே இடத்தில் தெரிந்தால், அது அஸ்திவாரம் இறங்கும் அறிகுறி.

லண்டனும் தென்கிழக்கும் களிமண் பூமி. கோடையில் சுருங்கும், குளிர்காலத்தில் ஊதும். பக்கத்தில் ஓக், வில்லோ, பாப்லர் மரம் இருந்தால் வேர் இன்னும் உறிஞ்சும். 1976 வறட்சிக்குப் பிறகுதான் வீட்டுக் காப்பீட்டில் இது பெரிய விவகாரமானது. முன்பு இறங்கிய வீடு என்று தெரிந்தால் ஓடிவிட வேண்டியதில்லை. எப்போது, என்ன வேலை செய்தார்கள், பொறியாளர் தந்த சான்று எங்கே, இப்போதைய காப்பீட்டு நிறுவனம் உங்களுக்கும் தொடருமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்காமல் நகராதீர்கள். நிலம் இறங்குவதற்கான காப்பீட்டில் முதல் 1,000 பவுண்டை நீங்களே ஏற்பது வழக்கம்.

ஈரம்

இங்கேதான் அதிகம் ஏமாற்றப்படுகிறோம். சுவரில் இரண்டு ஊசியைக் குத்தி, கருவி பீப் பீப் என்று கத்தியதும், "தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது, சுவர் முழுக்க ஊசிபோட்டு ரசாயனம் ஏற்ற வேண்டும்" என்று எஸ்டிமேட் கொடுப்பார்கள். அந்தக் கருவி மரத்துக்காக அளவு திருத்தப்பட்டது. செங்கல்லிலும் பூச்சிலும் உப்பு இருந்தால்கூடக் கத்தும். இலவசமாக வந்து ஈரம் பார்ப்பவர் மருந்து விற்பவராகவும் இருந்தால், அவர் எதைக் கண்டுபிடிப்பார் என்று சொல்லத் தேவையில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு காரணத்தை மட்டும் சொல்லிப் போகிறவரைத் தேடுங்கள்.

பெரும்பாலும் காரணம் வீட்டுக்கு வெளியே, குனிந்தால் தெரிகிற உயரத்தில் இருக்கும். சுவரின் அடியில் ஓடும் ஈரத் தடுப்பு அடுக்கு வெளித்தரையிலிருந்து குறைந்தது 150 மி.மீ. மேலே இருக்க வேண்டும். நான் பார்த்த ஒரு வீட்டில் பின்பக்கம் அழகான புது பேட்டியோ. பழைய தளத்தை எடுக்காமல் அதன் மேலேயே கல் பதித்திருந்தார்கள். தரை கதவு வாசல்வரை உயர்ந்து, காற்றுத் துளைச் செங்கல்லில் பாதி மண்ணுக்குள். மழைநீர் தடுப்பு அடுக்கைத் தாண்டி நேரே சுவருக்குள் போகும், பலகைத் தரைக்கு அடியில் காற்றோட்டமும் அடைபட்டிருக்கும். உள்ளே அதே சுவரில் புது பெயின்ட் வாசனை. பெயின்ட் அடித்தது ஏன் அந்த ஒரு சுவருக்கு மட்டும் என்று கேட்கத் தோன்ற வேண்டும்.

1920களுக்கு முன் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் நடுவில் இடைவெளி இல்லாத ஒன்பது அங்குலச் சுவர். அது ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசி மூடினால் வாங்கிய ஈரம் உள்ளேயே தங்கும். மற்றபடி ஜன்னலோரக் கறுப்புப் பூஞ்சை பெரும்பாலும் நம் சமையல் ஆவியும் உள்ளே காயப்போடும் துணியும் செய்கிற வேலை. அதற்கு ரசாயனம் வேண்டாம், நல்ல எக்ஸ்ட்ராக்டர் ஃபேன் போதும்.

இன்னும் மூன்றைச் சுருக்கமாக. கல்நார் இங்கே முழுதாகத் தடையானது 1999இல்தான், எனவே அதற்கு முந்திய வீட்டின் உட்கூரையில் உள்ள சொரசொரப்பான ஆர்ட்டெக்ஸ் பூச்சைச் சோதிக்காமல் சுரண்டாதீர்கள். ஸ்லேட் கூரையை எடுத்துவிட்டு கனமான கான்கிரீட் ஓடு போட்டிருந்தால், தெருவின் எதிர்ப்பக்கம் நின்று கூரை நடுவில் தொய்கிறதா பாருங்கள். லாஃப்டில் நுரை தெளித்து அடைத்திருந்தால் பல வங்கிகள் கடன் தரத் தயங்கும், ஆஃபர் கொடுக்குமுன் கேட்டுவிடுங்கள்.

சுவருக்குத் தாள் எங்கே?

சர்வேயர் வீட்டைப் பார்ப்பார், தாளைப் பார்க்க மாட்டார். உங்கள் வழக்கறிஞரான சொலிசிட்டர் தாளைப் பார்ப்பார், வீட்டைப் பார்க்கவே மாட்டார். சர்வேயர் "உங்கள் சட்ட ஆலோசகர் இதை உறுதிசெய்ய வேண்டும்" என்று எழுதிவிட்டுப் போவார். சொலிசிட்டரிடம் வீட்டைப் பற்றி விற்பவர் நிரப்பிய டி.ஏ.6 என்ற தகவல் படிவம் இருக்கும். அதில் மாற்றம் எதுவும் செய்யவில்லை என்று டிக் அடித்திருந்தால் அவருக்குச் சந்தேகம் வர வழியில்லை. இரண்டையும் பார்க்கிற ஒரே ஆள் வாங்குகிற நீங்கள்தான்.

எங்கள் கதையைச் சொல்கிறேன். இரண்டாம் முறை வீடு பார்க்கப் போனபோது மாடிப் படுக்கையறையில், கணப்படுப்பைச் சுற்றி அறைக்குள் துருத்தி நிற்கும் சிம்னித் தூண் இருந்தது. கீழே இறங்கி அதே இடத்துக்கு நேரே நின்றேன். சமையலறை. சமதளமான சுவர், அதில் ஃப்ரிட்ஜ். அப்படியானால் மேலே நிற்கும் செங்கல்லும், அதற்கு மேல் கூரையைத் தாண்டிப் போகும் சிம்னியும் எதன்மேல் நிற்கின்றன? சர்வேயரிடம் கேட்டேன். "அதுதான் கேள்வி. உள்ளே இரும்பு உத்தரம் இருக்கலாம், முக்கோணத் தாங்கி இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். சமையலறையின் உட்கூரைப் பலகையைத் திறக்காமல் யாருக்கும் தெரியாது" என்றார். டி.ஏ.6இல் "மாற்றம் இல்லை" என்றே இருந்தது. விற்பவர் பொய் சொன்னாரா, அவருக்கு முந்தியவர் செய்ததா, இன்றுவரை தெரியாது.

ஆகவே வீட்டின் ஃப்ளோர் பிளானை அச்செடுத்துக்கொண்டு அறை அறையாக நடங்கள். மாறியதாகத் தோன்றும் ஒவ்வொன்றையும் குறியுங்கள்: இரண்டு அறை ஒன்றான ஹால், பின்பக்க எக்ஸ்டென்ஷன், லாஃப்ட் அறை, புது ஜன்னல், புது ஃபியூஸ் பெட்டி. பக்கத்தில் அதற்கான தாளை எழுதுங்கள். அந்தப் பட்டியலை அப்படியே சொலிசிட்டருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

தாள்களில் இரண்டு குடும்பம் உண்டு, பலரும் இதைக் கலந்துவிடுகிறார்கள். பிளானிங் பர்மிஷன் என்பது கட்டலாமா, எவ்வளவு பெரிதாக, வெளியே எப்படித் தெரியும் என்பது. பில்டிங் ரெகுலேஷன்ஸ் என்பது கட்டியது நிற்குமா, தீப்பிடித்தால் தப்பிக்க வழியுண்டா, குளிர் தாங்குமா என்பது. ஒன்று கிடைத்தால் மற்றது கிடைத்ததாக ஆகாது. உள்ளே ஒரு சுமைதாங்கிச் சுவரை எடுக்க, சாதாரண வீட்டில் முதலாவது தேவையில்லை, இரண்டாவது கட்டாயம். வேலை முடிந்ததும் தருகிற கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட்தான் நீங்கள் கேட்க வேண்டிய தாள். பிளான் ஏற்கப்பட்ட கடிதத்தைக் காட்டி நிறுத்திக்கொள்வார்கள், விடாதீர்கள். ஜன்னல்களுக்கு 2002 ஏப்ரலுக்குப் பிறகு, விதிப்படி பொருத்தியதைக் காட்டும் ஃபென்சா போன்ற சான்று, வீட்டு மின்வேலைகள் பலவற்றுக்கு 2005 முதல் அதற்கான சான்று இருக்க வேண்டும்.

சில வேலைகளுக்குத் தனியாக பிளானிங் கேட்க வேண்டாம். பெர்மிட்டட் டெவலப்மென்ட் என்ற பொது அனுமதி போதும். பின்பக்கம் ஒரு மாடி எக்ஸ்டென்ஷன் வரிசை வீட்டுக்கும், ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய செமிக்கும் 3 மீட்டர், தனி வீட்டுக்கு 4 மீட்டர். உள்ளாட்சி அமைப்பான கவுன்சிலுக்கு முன்னறிவித்து அண்டை வீட்டார் கருத்துக் கேட்கும் முறையில் 6, 8 மீட்டர்வரை போகலாம். லாஃப்ட் விரிவுக்கு வரிசை வீட்டில் 40 கனமீட்டர், மற்றதில் 50. இவை "ஆதி வீட்டிலிருந்து" அளப்பவை, அதாவது 1948 ஜூலை 1 அன்று இருந்தபடி, அதன்பின் கட்டியிருந்தால் கட்டியபடி. முந்தைய உரிமையாளர் மூன்று மீட்டரையும் தின்றுவிட்டிருந்தால் உங்களுக்கு மிச்சமில்லை. ஃபிளாட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. பழமை காக்கப்படும் கன்சர்வேஷன் ஏரியாவிலும், இந்தச் சலுகையைப் பறிக்கும் ஆர்ட்டிகிள் 4 உத்தரவைக் கவுன்சில் போட்ட தெருவிலும் இது சுருங்கியிருக்கும். அனுமதி தேவைப்படாத வேலைக்கும் அது சட்டப்படியானதே என்று கவுன்சில் தரும் லாஃபுல் டெவலப்மென்ட் சர்டிஃபிகேட் வாங்கி வைப்பது விற்கும் காலத்தில் உதவும். அந்த முகவரிக்கு இதுவரை என்னென்ன விண்ணப்பம் போயிற்று என்பதைக் கவுன்சில் இணையதளத்தில் இலவசமாகவே தேடலாம்.

தாள் இல்லை என்றால்? விற்பவர் தரப்பு உடனே "இன்டெம்னிட்டி இன்ஷூரன்ஸ் எடுத்துத் தருகிறோம்" என்பார்கள். கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் அந்தக் காப்பீடு பணம் தரும். உத்தரம் இல்லாத சிம்னி இறங்கினால் தராது. அதே சமயம், நீங்களே கவுன்சிலுக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டால் அந்தக் காப்பீடே கிடைக்காமல் போகலாம். சொலிசிட்டரைக் கேட்காமல் போனை எடுக்காதீர்கள். 1985 நவம்பர் 11க்குப் பிறகு நடந்த வேலை என்றால், சுவரைத் திறந்து காட்டி, முடிந்த வேலைக்குப் பின்னால் தருகிற ரெகுலரைசேஷன் சான்று வாங்கும் வழியும் உண்டு.

"பத்து வருஷம் ஆச்சு, யாரும் கேக்க மாட்டாங்க" என்ற பேச்சில் பாதிதான் உண்மை. பிளானிங் மீறலுக்கு முன்பு கட்டுமானம் என்றால் 4 ஆண்டு கடந்தால் போதும். 2024 ஏப்ரல் 25 முதல் இங்கிலாந்தில் அது 10 ஆண்டு, அதற்குமுன் முடிந்த கட்டுமானத்துக்குப் பழைய கணக்கு. பாரம்பரியச் சிறப்புக்காகப் பட்டியலிட்டுப் பாதுகாக்கப்படும் லிஸ்டட் கட்டடம் என்றால் கெடுவே கிடையாது. அனுமதியின்றிக் கைவைத்தது குற்றம், வேலை செய்தவர் வேறொருவராக இருந்தாலும் சரிசெய்யச் சொல்லும் நோட்டீஸ் இப்போதைய உரிமையாளரான உங்களுக்கு வரும்.

நீங்களே இடித்துக் கட்டப் போகிறீர்கள் என்றால்

கவுன்சில் அனுமதியோடு கதை முடியாது. பக்கத்து வீட்டோடு பகிர்ந்துகொள்ளும் பொதுச் சுவரில் கைவைத்தால் 1996ஆம் ஆண்டு பார்ட்டி வால் சட்டப்படி அண்டை வீட்டாருக்கு இரண்டு மாதம் முன்பே நோட்டீஸ். அவர் கட்டடத்திலிருந்து 3 மீட்டருக்குள் அவருடைய அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டினால் ஒரு மாதம். அவர் 14 நாளில் பதில் தராவிட்டால் தகராறு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும், சர்வேயர் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில். நோட்டீஸைத் தபால் துளையில் போடுமுன் நேரில் கதவைத் தட்டி, பிளானைக் காட்டிப் பேசிவிடுங்கள். நெடுங்காலக் குத்தகை வீடு, அதாவது லீஸ்ஹோல்ட் என்றால், நிலத்தின் சொந்தக்காரரான ஃப்ரீஹோல்டர் சம்மதம் தனி. பத்திரத்தில் பழைய நிபந்தனை ஏதும் இருக்கிறதா என்பது தனி. எக்ஸ்டென்ஷனுக்கு அடியிலோ 3 மீட்டருக்குள்ளோ பொதுச் சாக்கடைக் குழாய் ஓடினால் தண்ணீர் நிறுவனத்தின் ஒப்புதலும் வேண்டும்.

எங்கள் சிம்னிக்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வரவழைத்தோம். விற்பவர் சம்மதத்தோடு சமையலறைக் கூரையில் ஒரு சாண் சதுரம் அறுத்து, கேமராவை உள்ளே விட்டார். இரண்டு பலகைகள், அவற்றின்மேல் செங்கல். அவ்வளவே. அவருடைய ரிப்போர்ட்டையும் இரண்டு பில்டர் எஸ்டிமேட்டையும் இணைத்து விலையைக் குறைக்கக் கேட்டோம். மூன்று வாரம் இழுத்து, எஸ்டிமேட்டில் முக்கால் பங்குக்கு இறங்கினார்கள். சாவி வாங்கிய பிறகு பக்கத்து வீட்டுக்கு நோட்டீஸ், கவுன்சில் பில்டிங் கன்ட்ரோலுக்கு விண்ணப்பம், பிறகு உத்தரம். இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும்வரை கூரையை மூட வேண்டாம் என்று பில்டரிடம் இரண்டு முறை சொல்லி வைத்தேன். சான்று வந்ததும் அதையும், மூடுமுன் எடுத்த உத்தரத்தின் படத்தையும் ஒரே கோப்பில் போட்டேன். நாளை இந்த வீட்டை விற்கும்போது டி.ஏ.6 நிரப்பப் போவது நான்தானே.